கடிதத்தில் தூக்கிய இருநூறு ராத்தல்

இந்த ஈப்போ நகரத்தில் என் துணிக்கடைக்குப் பின்சந்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அங்கே என் வயதுச் சீனர்கள் ஏழெட்டுப் பேர் அரைக்கால் சட்டையோடு நின்று இரும்பு தூக்குகிறார்கள். யாரும் பேசுவதில்லை, யாரும் யாரையும் பார்ப்பதில்லை. வேர்வையில் ஊறிய துண்டுகளின் வாடை சந்து முனைவரை வரும். நாற்பத்தாறு வயதில் நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஒருநாள் கடையில் துணிக்கட்டைக் குனிந்து எடுத்தவன் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். எலும்பில் கோளாறு இல்லை, முதுகுச் சதைக்கு வலு இல்லை, அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை கொடு என்றார் டாக்டர். அன்று வீட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கைலிக்கு மேலே தளும்பிய தொப்பை, அதன் இருபுறமும் குச்சியாய்த் தொங்கிய கைகள். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

கொட்டகையை நடத்தும் லிம்முக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய் மட்டும்தான். முதல் நாள் அவர் என் கையில் முப்பது ராத்தல் வெறும் கம்பியைக் கொடுத்தார். முனைகளில் ஒரு வட்டுகூட இல்லை. தமிழன் என்று இளக்காரமா என்று எனக்குச் சுருக்கென்றது. பெரிய வட்டைக் காட்டி அதைப் போடு என்றேன். அவர் சிரித்துக்கொண்டே "பெலான் பெலான்" என்றார். மெள்ள மெள்ள என்று அர்த்தம். ரோஷத்தில் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் லிம் கடைக்கே வந்துவிட்டார். நான் உடம்பைக் கெடுத்துக்கொண்டு படுத்திருப்பதாக நினைத்தாராம். சட்டையைத் தூக்கி இடுப்பில் இருந்த ஆபரேஷன் தழும்பைக் காட்டினார். இளவயதில் அவசரப்பட்டுப் பெரிய பாரத்தைத் தூக்கி வாங்கிக்கொண்டது. பிறகுதான் ஒழுங்காகப் பாடம் கேட்டேன். ஒருநாள் தூக்கினால் மறுநாள் ஓய்வு. முழங்காலையும் இடுப்பையும் மடக்கிக் குனிய வேண்டும், முதுகு வளையக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. வலித்தால் அந்த இடத்திலேயே கீழே வைத்துவிட வேண்டும். இரண்டு மாதத்துக்கு வெறும் கம்பிதான்.

கடல் கடந்து வந்த நாங்கள் ஊருக்கு எதையும் உள்ளபடி எழுத மாட்டோம். ஒற்றை அறையை வீடு என்போம். முதலாளி காரில் ஒருநாள் ஏறினால் கார் இருக்கிறது என்போம். என் மனைவியின் அண்ணன் காதர் மாமல்லபுரத்தில் சவுக்கு விறகு வியாபாரம் செய்கிறார். அந்த வெறும் கம்பி நாட்களில் அவருக்கு எழுதிய கடிதத்தில், தினமும் இருநூறு ராத்தல் தூக்குகிறேன் என்று எழுதினேன். எழுதும்போது கை கூசவில்லை.

கொட்டகையில் சேர்ந்த நாலாம் மாதம் ஊருக்குப் போனேன். செங்கல்பட்டில் ரயில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது காதர் கட்டிலில் குப்புறக் கிடந்தார். இடுப்பில் முட்டையும் உளுந்தமாவும் குழைத்துப் போட்ட கட்டு. மூன்று வாரமாய் அவிழ்க்காததால் அழுகிய நாற்றம், மேலே ஈ. என் கடிதத்தைக் கால்வாய்க் கரையில் படகில் விறகு ஏற்றும் ஆட்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். உம்மால் ஆகுமா என்று அவர்கள் சீண்டியிருக்கிறார்கள். நேரே செங்கல்பட்டில் இருக்கும் தாலீம் என்கிற உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே புதிதாய்ச் சேர்பவன் முதல் நாளே நூறு பஸ்கி போட்டுத்தான் உஸ்தாதுக்கு சலாம் வைக்க வேண்டும். மறுநாள் நடக்க முடியாமல் போனால் அது பெருமை. ஐம்பதை எட்டும் மனிதர் நூறு தடவை உட்கார்ந்து எழுந்திருக்கிறார். அந்த வீங்கிய தொடையோடு மறுநாளே கால்வாய்க் கரையில் பச்சைச் சவுக்குக் கட்டை ஒன்றைத் தோளுக்கு ஏற்றப்போய்ச் சரிந்திருக்கிறார். பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட இது முட்டாள்தனம் என்று சொல்லவில்லை. சிங்கம் மாதிரி தூக்கினார் என்று அந்த நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்து டீ குடித்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர்களைவிட என் முகம்தான் மோசம் என்று எனக்குத் தெரியும்.

காதர் தலையை மட்டும் திருப்பி, "நீ எரநூறுன்னு எழுதியிருந்தே மச்சான். நான் தூக்கனது நூத்தம்பதுகூட இருக்காது, அதுக்கே வுயுந்துட்டேன். இனிமே எய்ந்து நடப்பேனா இன்னான்னு தெரியல" என்றார்.

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. மறுநாள் இடுப்பில் இருந்த மாவுக்கட்டை அறுத்தெறிந்து, மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவரைச் செங்கல்பட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன். எலும்பு தப்பியது, வலி தணிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கட்டும் என்றார் டாக்டர். திரும்பும் வழியில் வண்டி குலுங்கும்போதெல்லாம் காதர் பல்லைக் கடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது ராத்தல்தான், அதுவும் வெறும் கம்பி என்று சொல்லிவிட்டேன். அவர் வண்டிக் கூண்டைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அத்த அப்பிடியே எழுதறதுக்கு ஒனக்கு இன்னா கேடு?" என்றார்.

விடுமுறை முடியும்வரை லிம் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் வீட்டுக்குள் நடை. பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, ஐந்து தடவை. அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. அவர் படுத்திருந்த நாட்களில் சவுக்கு மண்டியில் பாதியை அவர் மகன் விற்றிருந்தான். நான் கப்பல் ஏறினேன்.

அதெல்லாம் நடந்து ஒரு வருடமாகிறது. போன வாரம் காதரின் கடிதம் வந்தது. விரல் பருமன் சவுக்குக் கொம்பைப் பிடித்துக்கொண்டு பத்து தடவை குனிந்து நிமிர்கிறாராம், ஒருநாள் விட்டு ஒருநாள். மண்டியில் போய் உட்காருகிறாராம். நீ இப்போது எவ்வளவு தூக்குகிறாய், உள்ளதை எழுது என்று கடைசியில் கேட்டிருந்தார்.

உள்ளது என்னவென்றால், நான் இப்போது நிஜமாகவே எண்பது ராத்தல் தூக்குகிறேன். இந்தக் கொட்டகையில் அதை யாரும் கேட்பதில்லை. கேட்கிற ஒரே மனிதர் கடலுக்கு அந்தப் பக்கம் கையில் கொம்போடு நிற்கிறார். பேனாவை எடுத்து எண்பது என்று எழுதினேன். கால்வாய்க் கரையில் கிடக்கும் பச்சைக் கட்டைகளும் காதரின் தோளும் நினைவுக்கு வந்தன. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். பன்னிரண்டு வருடமாக எல்லாவற்றையும் கூட்டியே எழுதிப் பழகிய கை, முதல் தடவையாகக் குறைத்து எழுதியது.

'இன்னும் வெறும் கம்பிதான், மச்சான்.'