கை கழுவத் தண்ணீர்

கையில் இருந்த சொற்பப் பணத்தில் சோறு கொண்டுபோக ரெண்டு போணியும் ஒரு மேசையும் வாங்கி, தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில் சோற்றுக்கடை போட்டேன். அங்கே அடுப்புப் பற்றவைக்க முடியாது. வீட்டிலேயே சமைத்து, ஆறின சோறும் வடையும்தான் விற்பேன்.

முதல் நாளே எனக்குக் குமட்டியது. வேலையாட்கள் அலுமினியப் பொடி அப்பிய கையோடு பிசைந்ததில் தயிர்ச்சோறு சாம்பல் நிறமானது. "கழுவிட்டு வரக் கூடாதாக்கா?" என்று அவர்களில் ஒருத்தியிடம் கேட்டேன்.

"உள்ள தண்ணிக்கு வரிசையில நின்னா சோத்து நேரம் முடிஞ்சிரும். பழகிருச்சு தாயி."

மறுநாள் மேசையோரம் ஒரு டிரம் தண்ணீரும் சோப்பும் வைத்தேன். எல்லோரும் கழுவிவிட்டே உட்கார்ந்தார்கள்.

சில நாளில் போர்மேன் வந்தார். பொடியைத் தொடாத கையை என் சோப்பில் முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். என் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டிரம்ம எடுத்துரும்மா. கழுவுறோம்னு நேரத்தக் கடத்துறாக. சீசன்ல லோடு நிக்குது. எடுத்துட்டேன்னா கம்பெனிச் சாப்பாட்டு ஆர்டர் மொத்தமும் ஒனக்குத்தான்."

"அந்தக் கையோட சாப்பிட்டா ஒடம்புக்கு ஆகுமா அண்ணாச்சி?"

"அவுகளுக்கு ஒண்ணும் செய்யாது. ஒரு வடை குடு."

சோப்பு மணக்க அந்தக் கை என் முன்னால் நீண்டது. நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

"வடை தீந்துபோச்சு அண்ணாச்சி" என்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில் தட்டு நிறைய வடை இருந்தது.

கம்பெனி வாசலில் இடம் போனது. இப்போது ரோட்டுக்கு எதிர்ப்புறம், அதே டிரம்மோடு விற்கிறேன். வியாபாரம் பாதிதான். சாம்பல் நிறச் சோறுகூட மறந்துவிட்டது. அந்தக் கையில் மணத்த சோப்பை மட்டும் அதன்பிறகு நான் வாங்குவதில்லை.