தங்கப் பூச்சும் என் பெருவிரலும்

போன செவ்வாய்க்கிழமை என் மகள் டெலிபோனில் அழுதாள்.

கண்டிப் பக்கத்துக் கம்பஸில் பௌதிகம் படிக்கிறாள், இறுதி வருடம். சோதனையில் புள்ளி குறைந்தாலும் அழாத பிள்ளை. நான் கிளிநொச்சியில், காசு கட்டிப் பேசும் ஒரு கொமினிகேசன் கடைப் பெட்டிக்குள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

“பூச்சு உரிஞ்சு போச்சுது அப்பா. ஆறு தட்டும் போச்சு. இனி எதை வச்சு நான் றிப்போட் எழுதுறது?”

என்ன பூச்சு? சுவருக்கு அடிக்கிற பெயின்ற் என்று நினைத்துவிடாதீர்கள். காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு பெட்டிக்குள் தைத்தேனியம் என்ற உலோகத் தகடு ஒன்றின் மேல், அயன்கள் என்கிற மின்னேறிய வாயு அணுக்களை மோத விடுகிறார்களாம். கல்லெறிந்து மாங்காய் விழுத்துவது போலத்தான். கழன்ற அணுக்கள் பறந்து வந்து, நைதரசனோடு சேர்ந்து, முன்னால் இருக்கும் உருக்குத் தட்டில் படிகின்றன. நிறம் அசல் தங்கம்... குணம் பீங்கான். தலைமயிரை விட எத்தனையோ மடங்கு மெல்லியது, ஆனால் அரத்தால் உரசினாலும் அசையாது. இரும்பில் துளை போடும் அலகுக்கு இதைப் பூசினால் நீண்ட நாள் தேயாமல் உழைக்குமாம்.

வைர ஊசியால் அதைக் கீறி, எவ்வளவு பாரத்தில் கழல்கிறது என்று பார்ப்பதுதான் மகளின் ஆராய்ச்சி. பூச்சைப் படிய வைக்கக் கம்பஸில் இருப்பது ஒரே ஒரு மெசின். அதில் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். அதுவும் முடிந்துவிட்டது.

தட்டுகளைச் செய்தது எங்கள் ஊரில். லீவில் வந்தபோது, பக்கத்து ஒழுங்கையில் லேத் வேர்க்‌ஷொப் வைத்திருக்கும் தவராசாவிடம் கொடுத்துக் கடைந்து, மினுக்கி எடுத்தாள். தண்ணீர் இறைக்கும் மெசினுக்கும் உழவு மெசினுக்கும் வைத்தியம் பார்க்கும் மனிதர். என் மீசையில் எத்தனை நரை என்று எண்ணலாம் — அப்படி மினுக்கியிருந்தார்.

“ஒருத்தரும் கையால தொடாதேங்கோ” என்று சொல்லிவிட்டு மகள் குளிக்கப் போனாள்.

நான் தொட்டேன். ஆறும் சரியாக இருக்கிறதா என்று எண்ண வேண்டாமா? பிள்ளை பயணம் போகும்போது பையை ஒருதரம் அவிழ்த்துப் பார்க்காத தகப்பன் எங்கே இருக்கிறான்? ஒவ்வொன்றாக எடுத்தேன், மீசையைப் பார்த்தேன், பழையபடி சுற்றி வைத்தேன். இரும்பைத் தொட்டால் இரும்புக்கு என்ன வந்தது?

ஆகவே டெலிபோனில் நான் திட்டியது வேறு ஆட்களை. “வழியில ரெண்டு பக்கத்துச் சோதனைச் சாவடியிலயும் அவிட்டுப் பாத்திருப்பாங்கள். அவங்கள்தான்!”

“இல்லையப்பா. ரெண்டு பக்கமும் பார்சலைத் திறந்தவைதான். தொட வேண்டாம் எண்டு கேட்டன். ரெண்டு பேரும் தொடேல்லை.”

அட! அப்படியென்றால் மினுக்கியவர்தான் என்று தவராசாவிடம் சண்டைக்குப் போனேன்.

மனிதர் கோபப்படவில்லை. “மாஸ்ரர், நீங்கள் அதுகளைத் தொட்டனீங்களோ?” என்று மட்டும் கேட்டார்.

“எண்ணிப் பாத்தனான். அவ்வளவுதான்.”

“எங்க, கையை நீட்டுங்கோ.”

உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். வேர்வை பிசுபிசுத்தது. மினுக்கிய உருக்குத் துண்டு ஒன்றை எடுத்து, அதில் என் பெருவிரலை அழுத்தச் சொல்லி, தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் வைத்தார். “நாளைக்கு வாங்கோ.”

மறுநாள் போனால்... துண்டில் என் பெருவிரல் ரேகை, கோடு கோடாக, செங்கபிலத் துருவில்! அதன் குறுக்கே, சின்ன வயதில் தேங்காய் துருவும்போது வெட்டுப்பட்ட தழும்பும் தெரிந்தது.

“உங்களுக்கு உப்புக் கை, மாஸ்ரர். என்னட்டையும் அப்பிடி ஒரு வேலையாள் இருக்கிறார். கடைஞ்சு முடிஞ்ச சாமானை அவரைத் தொட விடமாட்டன். எண்ணெயைக் கழுவலாம். உப்புத் திண்ட இடத்தை எப்பிடிக் கழுவுறது?”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சு மட்டுமல்ல, பெருவிரலும் குறுகுறுத்தது. பிள்ளையின் நாலு வருடப் படிப்பு! வெட்கமாக இருந்தது. நேரே கொமினிகேசனுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

மகள் முழுவதையும் கேட்டு முடித்தாள். கடையின் கட்டண மீற்றர் ஓடிக்கொண்டே இருந்தது.

“அப்பா, அந்த விரலில வெட்டுத் தழும்பு குறுக்காலயோ இருக்கு?”

“ஓம் பிள்ளை.”

“உரிஞ்ச இடத்தில ஒரு கோடு இருந்தது. என்னெண்டு விளங்காமல் ரெண்டு இரவு நித்திரை இல்லை... அது நீங்களோ!”

சிரித்தாள். கடவுளே, சிரித்தாள்!

நேற்றுக் கொமினிகேசனுக்குத் திரும்பவும் அழைத்தாள். அவளுடைய விரிவுரையாளர் சேர் தட்டுகளைத் திரும்பக் கீறச் சொன்னாராம். விரல் படாத இடத்தில் பெரிய பாரத்துக்கும் பூச்சு அசையவில்லை. விரல் பட்ட இடத்தில் ஊசி தொட்டதுமே செதிள் செதிளாகக் கழன்றதாம். பூச்சு எவ்வளவு கடினமாக இருந்தும் என்ன, அடியில் பிடிப்பு இல்லாவிட்டால் போச்சு. “இதையே எழுது, இன்னொரு நாள் மெசின் தாறன்” என்றாராம் சேர். அந்த முகம் தெரியாத மனிதர் நீடூழி வாழட்டும்.

“தவராசா மாமாட்டச் சொல்லி இன்னும் ஆறு தட்டுச் செய்விச்சு வையுங்கோ அப்பா. மூண்டில உங்கட விரலை வையுங்கோ. மற்ற மூண்டையும் தொடக் கூடாது. முடியுமோ?”

தொடாதே என்றால் அன்புக்கு எங்கே விளங்குகிறது? அது எண்ணிப் பார்க்கும், அவிழ்த்துப் பார்க்கும், திரும்பவும் சுற்றி வைக்கும். அதன் கையில் உப்பு இருப்பது அதற்கே தெரியாது.

தவராசா இரவிரவாகக் கடைந்து ஆறையும் முடித்தார். தொடச் சொன்ன மூன்றையும் இன்று காலையே தொட்டுவிட்டேன். மற்ற மூன்றும் தவராசாவின் பூட்டிய அலுமாரிக்குள் — திறப்பை என் கையில் தரமாட்டாராம்.