இடப்புரியாகிப் போன திருகு

பதினோரு வருடமாக அந்தப் பட்டறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவள் அவள். எல்லோருக்கும் 'சுருள் அக்கா'. காகிதக் கூழைத் தள்ளும் பெரிய திருகுகளை வரைவது அவள் வேலை. வாய்ப்பக்கம் அகலமாகத் தொடங்கும் புரிகள் போகப் போக நெருங்கும்; நடுத்தண்டும் பருத்துக்கொண்டே போகும். அப்படி ஒரு சுருள் மென்பொருளில் தயாராகக் கிடையாது. அவளே சமன்பாடு எழுதி வளைவை உண்டாக்குவாள். ஒரு எண்ணை மாற்றினால் திருகு முழுவதும் தானே மாறிக்கொள்ளும்.

படத்தின் மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் மட்டும் முதலாளியின் மருமகன் பெயர் இருக்கும். அவர் பொறியாளர்; இவள் வெறும் டிப்ளமோ. வேலை செய்தவள் பெயரை மறைப்பதற்குப் பட்டத்தைத் திரையாக்குவது நமக்கு அநியாயமாகவே தோன்றுவதில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஆலை, இயந்திரத்தை இடம் வலம் மாற்றிக் கேட்டது. மருமகன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மொத்தப் படத்தையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, அப்படியே செய்யக் கொடுத்துவிட்டார். கண்ணாடியில் வலப்புரி இடப்புரியாகிவிடும். ஆலையில் ஓட்டிப் பார்த்தபோது மோட்டார் என்னவோ பழைய திசையிலேயே சுற்றியது. கூழ் பின்னால் வந்து மூடியைப் பெயர்த்தது. பக்கத்தில் நின்ற ஃபிட்டருக்குக் கை முறிந்தது.

முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்தக் கட்டத்துல உன் பேரைப் போட்டுடு."

"இத்தனை வருஷம் இடமில்லாம இருந்துச்சே, சார்."

"குத்திக் காட்டாத. நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்க. மாப்பிள்ளை லைசென்ஸ் போயிடும். உனக்கு லைசென்ஸே கிடையாது, போறதுக்கு என்ன இருக்கு?"

"வேலை இருக்கு, சார்."

அறையில் உட்கார்ந்திருந்த மருமகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி இருந்தது மனசு. அவள் கட்டத்தைத் தொடவில்லை.

மறுநாள் அதிகாரி கேட்டார்: "இது நீங்க வரைஞ்சதாம்மா?"

"திருகை வரைஞ்சது நான். திருப்பினது நான் இல்ல."

கணினியில் அந்தப் படத்தின் கோப்பைத் திறந்தாள். திருகு உருவான ஒவ்வொரு படியும் ஓரத்தில் வரிசையாக இருந்தது. கடைசிப் படி, கண்ணாடிப் பிம்பம். அதன் பக்கத்தில் மருமகன் பெயரும் தேதியும். மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வது போல வாசித்துக் காட்டினாள். அதிகாரி எழுதிக்கொண்டார். முதலாளி இருமினார்.

அடுத்த நாள் காலை கணினி அவள் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. மூன்று தடவை அடித்துப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

"பஸ் போயிடுச்சாங்க?" என்றார் ஓடிவந்த ஒருவர்.

"இன்னும் இல்ல" என்றாள்.