ஐஸ் மீது ஒரு பொன்னாடை

ஹப்சிகுடா ஜகதீசனின் தோள்பையில் எப்போதும் ஒரு பொன்னாடை இருக்கும். மத்திய அரசு நிறுவனத்தில் ஸ்டோர்ஸ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்தான், ஆனால் அந்த உத்தியோகத்தை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? செகந்திராபாத்தில் அவருடைய தமிழ் மன்றத்துக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் பொன்னாடை போர்த்தியதுதான் அவர் பிழைப்பு. பட்டிமன்ற நடுவர், பல் டாக்டர், நாற்காலி வாடகைக்கு விடும் வேணுகோபால் என ஒருவரையும் அவர் விட்டதில்லை. அவருக்கு மட்டும் யாரும் போர்த்தியதில்லை. இந்த வருட விழாவிலாவது நடக்கும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டார். விழா வந்தது. அன்றும் அவரைத்தான் போர்த்தச் சொன்னார்கள்.

அந்த வருத்தத்தில் இருந்தவரை மாடி வீட்டுப் பத்மப்ரியா ஐஸ் ஸ்கேட்டிங் போட்டிக்கு அழைத்தாள். அவள் மகள் ஸ்ரேயா ஆடுகிறாளாம். ஜகதீசன் கஞ்சி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு பையைத் தோளில் மாட்டினார்.

"எதுக்கு அந்தப் பை? அங்கே மேடையா இருக்கப்போகுது?" என்றாள் மனைவி வசந்தகுமாரி.

"மேடை இல்லாம ஒரு நிகழ்ச்சியா?"

மேடை இல்லை. மாலுக்குள் ஒரு ஐஸ் களம், சுற்றிலும் தடுப்பு, மரணக் குளிர். வெளியே மே மாத வெயிலில் தார் உருகிக்கொண்டிருக்க, ஜகதீசன் உள்ளே மங்கி குல்லாய் இல்லாமல் நடுங்கினார். குத்துவிளக்கு இல்லை, வரவேற்புரை இல்லை, சிறப்பு விருந்தினர் தாமதமாக வரவும் இல்லை. ஐஸைச் சமன் செய்ய ஒரு வண்டி ஊர்ந்து வந்தது. தொடக்க விழா அதுதான் என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார். யாரும் கூடத் தட்டவில்லை.

பிறகு ஸ்ரேயா வந்தாள். சுழன்றாள், தாவினாள், பொத்தென்று விழுந்தாள். ஜகதீசன் இருக்கையின் நுனிக்கு வந்தார். பாட்டு நிற்கும், யாராவது மன்னிப்புக் கேட்பார்கள் என்று பார்த்தார். பாட்டு நிற்கவில்லை. அவள் எழுந்தாள், விட்ட இடத்தைத் தாவிப் பிடித்தாள், மறுபடி விழுந்தாள், மறுபடி எழுந்து சிரித்துக்கொண்டே முடித்தாள். மைக்கில் திணறியதற்கே மாதக்கணக்கில் முகம் காட்டாத கவிஞர்களைப் பார்த்துப் பழகியவர் அவர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜனங்கள் பாராட்டாக ஐஸ் மீது பொம்மைகளை எறிந்தார்கள்.

"நீங்களும் எறிஞ்சிடுங்க," என்றாள் கூட வந்திருந்த வசந்தகுமாரி.

"பொன்னாடையை எறியறதாவது!"

தடுப்பின் கதவு திறந்திருந்தது. பொன்னாடையை இரு கைகளிலும் விரித்துப் பிடித்தபடி, மன்ற மேடையில் நடக்கும் அதே கம்பீரத்தோடு, தோல் செருப்பை ஐஸில் வைத்தார். கம்பீரம் ஒரு பக்கம் போனது, செருப்பு ஒரு பக்கம் போனது. ஜகதீசன் உட்கார்ந்த வாக்கில் களத்தின் மையம் வரை வழுக்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

அரங்கம் சிரித்தது. வசந்தகுமாரி முகத்தை மூடிக்கொண்டாள். அவமானத்தில் அவருக்குக் குளிர்கூட உறைக்கவில்லை.

ஸ்ரேயா சறுக்கி வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். "அங்கிள், ஹில்னா நக்கோ, அசையாதீங்க! அடி பட்டுச்சா?" அவர் உடம்பு வெடவெடவென்று ஆடுவதைப் பார்த்தாள். கீழே கிடந்த பொன்னாடையை உதறி எடுத்து அவர் தோளைச் சுற்றிப் போர்த்தினாள்.

அந்த நிலையிலும் ஜகதீசன் வழக்கப்படி தலை குனிந்து வாங்கிக்கொண்டார். கைகள் தாமாகக் குவிந்தன. சிரித்த கூட்டம் இப்போது கைதட்டியது. அவருடைய கண்கள் போட்டோகிராபரைத் தேடின.

பத்மப்ரியா எடுத்திருந்தாள். மார்புக்குக் கீழே வெட்டிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியிலேயே அந்தப் படத்தை மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார் ஜகதீசன்: 'ஸ்கேட்டிங் அரங்கில் எனக்குப் பொன்னாடை அணிவித்தபோது.'

வீட்டில் வசந்தகுமாரி அந்தப் பொன்னாடையை உலர்த்தி, மடித்து, எப்போதும்போல் தோள்பைக்குள் வைக்கப் போனாள்.

"அதை அங்கே வைக்காதே," என்றார் இடுப்பில் வெந்நீர் ஒத்தடத்தோடு படுத்திருந்த ஜகதீசன். "அடுத்தவங்களுக்குப் போட வேற வாங்கிக்கலாம். அது எனக்குப் போட்டது."