மடுக் காட்டு ஈ

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஐறீனைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவள் வீட்டுக்குள் போய் ஒரு கோப்பை தேநீர் குடித்தவர்கள் என்று பார்த்தால் நானும் புளோறன்ஸும்தான். தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்த பிறகு ஐறீன் தனியாகவே இருந்தாள். கொள்ளுப்பிட்டியில் ஒரு சட்டத்தரணியிடம் டைப்பிஸ்ற் வேலை. ஏன் கலியாணம் நடக்கவில்லை என்று யாராவது துருவினால், "என்னைக் கேட்டு என்ன பிரயோசனம், வராதவனைப் போய்க் கேளுங்கோ" என்பாள். அப்படிப்பட்ட வாயை ஓர் ஈ கிட்டத்தட்ட ஒரு வருடம் மூடி வைத்தது.

புளோறன்ஸ் அவளுக்கு அடுத்த வீடு. புருஷன் றேமண்டுக்குத் துறைமுகத்தில் வேலை. மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோயின. நாலாவது தங்கியபோது, கட்டிலை விட்டு எழும்பக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அது சண்டை கொஞ்சம் ஓய்ந்து வன்னிப் பாதை திறந்திருந்த ஆவணி மாதம். வருடக்கணக்காகப் போக முடியாதிருந்த, வன்னியில் இருக்கிற மடுமாதா கோயில் திருநாளுக்குக் கொழும்பே பஸ் ஏறியது.

"நீ படு. உனக்காக நான் போய் நேர்ந்துகொண்டு வாறன்" என்றாள் ஐறீன்.

"பிள்ளை நல்லபடியாப் பிறந்தால் நீங்கள்தான் கோட்மதர். வேற ஆரும் இல்லை அக்கா" என்றாள் புளோறன்ஸ்.

ஞானத்தாய் என்றால் பெயருக்கு ஒருநாள் நிற்கிற ஆள் அல்ல. சாகும்வரை அந்தப் பிள்ளை உன்னுடையது. "எனக்கெண்டு ஒரு உயிர் வரப்போகுது" என்று என்னிடம் சொன்னபோது ஐறீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மடுக் கோயிலைச் சுற்றிலும் காடு. யாத்திரை போகிறவர்கள் மரங்களுக்குக் கீழே படங்கு கட்டி நிலத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். ஐறீன் கெட்டிக்காரி, நுளம்புவலை கொண்டுபோயிருந்தாள். நுளம்பை விடச் சின்னதாக, சத்தமே போடாமல், வலையின் கண்ணுக்குள்ளால் நுழைந்து வருகிற ஈ ஒன்று இருக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மண் நிறத்தில் இருப்பதால் அதை மணல் ஈ என்கிறார்கள். அது கடித்ததுகூட அவளுக்குத் தெரியாது. திரும்பும்போது எல்லோரையும் போல ஒரு பொட்டலம் மடு மண் கட்டிக்கொண்டு வந்தாள். பாம்பு கடித்தாலும் பூரான் கடித்தாலும் அந்த மண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பூசுவது எங்கள் சனத்தின் வழக்கம்.

சில கிழமைகள் கழித்து அவள் கன்னத்தில் ஒரு பரு வந்தது. நோவில்லை, அரிப்பில்லை. மண்ணைப் பூசினாள். பரு பெருத்தது, இன்னும் பூசினாள். ஓரம் தடித்து நடுவில் குழி விழுந்து புண்ணான பிறகுதான் மேலே பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு பொரளைப் பக்கத்தில் தோல் கிளினிக்குக்குப் போனாள்.

அங்கே டொக்டர் றலியா கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி.

"மிஸ், நீங்க வன்னிப் பக்கம், காட்டுப் பக்கம் எங்கயாச்சும் போனீங்களா?"

"இல்லை டொக்டர். நான் கொழும்பை விட்டு எங்கயும் போகேல்லை."

ஏன் அப்படிச் சொன்னாய் என்று பின்னாளில் நான் சத்தம் போட்டேன். அவள் சொன்ன காரணத்தை எங்கள் ஆட்கள் தவிர யாரும் நம்பமாட்டார்கள். மாதாவின் முற்றத்தில் படுத்தவளுக்கு நோய் வந்ததென்றால் பழி யாருக்கு? அதுவும் ஒரு பிள்ளைக்காக நேரப் போன இடத்தில்? மாதாவைக் காட்டிக் கொடுப்பதை விடப் பொய் சொல்வது மேல் என்று நினைத்திருக்கிறாள். டொக்டரும் காட்டு நோய் இல்லையென்று எண்ணிக் களிம்பும் குளிசையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். ஒன்றுக்கும் புண் மாறவில்லை.

இதற்கிடையில் புளோறன்ஸுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஐறீன் ஞானஸ்நானச் சட்டை தைக்கத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து எங்கள் ஒழுங்கைப் புண்ணியவதி ஒருத்தி அவளைத் தோல் கிளினிக்கில் கண்டுவிட்டாள். காதும் காதும் வைத்தாற்போல் ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னாளாம். அந்தி படுவதற்குள் ஐறீனுக்குக் குஷ்டம் என்று கடைக்காரர் வரைக்கும் தெரிந்திருந்தது. நான் அப்போது மகளின் பிள்ளைப்பேற்றுக்கு நீர்கொழும்பில் இருந்தேன். இங்கே இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

புளோறன்ஸின் காதுக்கும் அது போனது. பிள்ளைக்குச் சளி, ஞானஸ்நானம் பிறகு என்றாள். பிறகு பிள்ளை நித்திரை என்றாள். பிறகு வாசலிலேயே நின்று கதைத்து அனுப்பினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். வேலையால் வந்து சுவரோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு பிள்ளையின் சத்தத்தைக் கேட்டபடி தைப்பாள் ஐறீன். சட்டத்தரணியின் கந்தோரிலும் அவளுடைய மேசையைப் பின்னறைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு நாள் முழுக்க ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடும் என்று பிறகு என்னிடம் சொன்னாள். 

கிளினிக்கில் உட்காருகிற வாங்கிலும் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். ஒருநாள் அங்கே ஓர் ஆமி கோப்ரல் வந்து உட்கார்ந்தான். ஆமியைக் கண்டாலே காட்டிப் பழகிய அடையாள அட்டையை ஐறீனின் கை தன்பாட்டில் தேடியது. டொக்டருக்குக் காட்டப் பிளாஸ்டரைக் கழற்றியிருந்த அவளுடைய கன்னத்தை அவன் பார்த்தான். சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினான். அதே தடித்த ஓரம், அதே குழி.

"வெலி மெஸ்ஸாவா அக்கே?" என்றான். மணல் ஈயா என்று கேட்கிறான். காவலரணில் தன்னோடு இருந்த கனபேருக்கு இதுதான் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, "நீங்கள் எங்கே வாங்கிக்கொண்டீர்கள்?" என்றான்.

அவன் கழுத்தில் செபமாலை கிடந்தது. சிலாபத்துக் கத்தோலிக்கன். அவ்வளவு மாதமும் யாரிடமும் சொல்லாததை அவள் அவனிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. ஈ கடித்தது ஈயின் வேலை, அதற்கும் மாதாவுக்கும் என்ன கணக்கு, உள்ளே போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றான்.

சொன்னாள். டொக்டர் றலியாவுக்குக் கோபம் வந்தது, பிறகு பாவமாக இருந்தது. புண்ணின் ஓரத்தைச் சுரண்டிச் சோதித்தார்கள். கோப்ரலுக்கு இருந்த அதே நோய்தான். புண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், நோகும், ஆனால் மாறிவிடும் என்றார். ஐறீன் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

"பிள்ளையளைத் தூக்கலாமா டொக்டர்?"

"தாராளமா தூக்குங்க. இது ஆளுக்கு ஆள் ஒட்டுற நோயில்ல. அந்த ஈ கடிச்சாத்தான் வரும்."

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே புளோறன்ஸின் வாசலில் போய் நின்றாள். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். ஈயைச் சொன்னாள், ஊசியைச் சொன்னாள், ஒட்டாது என்பதை இரண்டு தரம் சொன்னாள். புளோறன்ஸின் முகம் வெளிறிப்போனது.

"அக்கா... போன ஞாயிறு வெள்ளவத்தையில வைச்சு ஞானஸ்நானம் குடுத்திட்டம். றேமண்டின்ர மச்சாள் கொன்ஸ்ரன்ஸ்தான் கோட்மதரா நிண்டவ. எங்களை மன்னிச்சுக் கொள்ளுங்கோ அக்கா."

ஞானஸ்நானம் ஒரு தரம்தான். திருப்பிக் கொடுக்க முடியாது. புளோறன்ஸ் அழுதுகொண்டே கேட்டாள்: "அந்த ஈ எங்க வைச்சு அக்கா கடிச்சது?"

மடு என்று ஒரு சொல் போதும். யாருக்காகப் போய் வாங்கி வந்த புண் என்று அந்த நிமிடமே அவளுக்கு விளங்கியிருக்கும். விளங்கினால் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் அது அவளை அரிக்கும். ஐறீனுக்கு அது வேண்டாம்.

"ஆருக்குத் தெரியும்? ஈ தானே" என்றாள்.

புளோறன்ஸ் உள்ளே போய்ப் பிள்ளையைக் கொண்டுவந்து அவளுடைய கையில் கொடுத்தாள். நல்ல பாரமான பிள்ளை. அது ஐறீனின் முகத்தைப் பார்த்துச் சிரித்து, கன்னத்துப் பிளாஸ்டரைப் பிடிக்கக் கையை நீட்டியது. புளோறன்ஸின் கை குறுக்கே வந்து அந்தச் சின்னக் கையைத் தட்டிவிட்டது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. செய்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

ஐறீன் பிள்ளையைத் திருப்பி நீட்டினாள்.

"பாலுக்கு அழுகிறாள் போல கிடக்கு. கொண்டுபோய்க் குடு" என்றாள்.

பிள்ளை அழவே இல்லை.