இரண்டு இஞ்சுக்கு மேல் இல்லை

எங்கள் பழைய ஜீப்பை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதில் ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. உதியன்குளங்கரை ஒர்க்‌ஷாப்காரருக்கு நாலு இஞ்ச். ஞாயிறு ஆராதனைக்குச் சபையில் எனக்குப் பின்னால் உட்காரும் பெண்ணின் மகனுக்கு ஆறு இஞ்ச். என் கணவரின் அண்ணனுக்கோ ஒரு இஞ்சும் வேண்டாம். வண்டியை விற்றுவிட்டு நாங்கள் ரோட்டோரம் குடிவந்தால் போதும். அந்த வண்டியில் ஏற வேண்டிய ஆளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஏற வேண்டியவர் என் கணவர். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்காக நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிறார். எங்கள் வீடு ரப்பர் மேட்டின் உச்சியில் இருக்கிறது. இறங்கும் வழியின் நடுவே ஒரு பாறை முதுகு காட்டிக் கிடக்கிறது. சக்கரத் தடங்களில் மண் போட்டு நிரப்பினால் அடுத்த மழை வாரிக்கொண்டு போய்விடும். தடம் பள்ளமாகப் பள்ளமாக ஜீப்பின் அடிவயிறு பாறையில் இடிக்க ஆரம்பித்தது. பாறை இருந்தது அண்ணனின் மண்ணில். உடைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டோம்.

“அப்பன் காட்டித்தந்த எல்லையாக்கும் அது. கை வைக்கப்பிடாது,” என்றார். “வண்டி போகல்லெங்கி ரோட்டுல வந்து தாமசிக்கணும். உள்ளதச் சொன்னா கோவப்படப்பிடாது.”

எனக்குக் கோபம்தான் வந்தது. இன்றைக்கும் அது ஆறவில்லை, ஆற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வண்டி பாறையில் மாட்டி, அக்கம்பக்கத்தார் என் கணவரைப் பெட்ஷீட்டில் போட்டுத் தூக்கிக்கொண்டு கீழே இறக்கியிருந்தார்கள். உதவிக்கு வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்ஷீட்டில் மல்லாந்து கிடந்து போன அந்த மனிதர் அதன்பிறகு என்னிடம் சரியாகப் பேசவில்லை. பேசியபோது சொன்னது இதுதான்.

“இனி என்ன ஆரும் தூக்கப்பிடாது, கேட்டியா. நானே வண்டியில கேறணும். கேற முடியல்லெங்கி நான் ஆஸ்பத்திரிக்குப் போகல்ல.”

போகாவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஒர்க்‌ஷாப்காரர் தன் செல்போனில் சேற்றுப் பந்தய ஜீப்புகளின் படங்களைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் சக்கரம் இடுப்பளவு.

“நாலு இஞ்சு போடுங்க சேச்சி. அப்பந்தான் ஒரு எடுப்பு உண்டு.”

“அதுல கேற ஏணி வேணும்.”

“கீழ இன்னொரு படி வெல்டு பண்ணித் தாறேன்.”

“தொங்குற படி வழியில திட்டுல இடிச்சுப் பிஞ்சு போவும். எங்க வண்டியப் பாக்க ஆரும் வரல்ல. கேற ஒரு ஆளு உண்டு. அந்த ஆளுக்க கால அளந்துட்டு வாறேன்,” என்று கிளம்பிவிட்டேன்.

அளக்க எங்களிடம் இருந்தது ரப்பர் ஷீட். முற்றத்தில் ஜீப்பின் நாலு சக்கரத்துக்கும் கீழே காய்ந்த ஷீட்டுகளை அடுக்கி, வண்டியை அதன்மேல் ஏற்றி நிறுத்தினேன். “ஷீட்டெல்லாம் அழுக்காவுதுட்டி,” என்று அவர் முனகினார். அழுக்கானால் ஆகட்டும் என்றேன். அடுக்கு நாலு இஞ்ச் இருந்தபோது அவர் கால் படியை எட்டவே இல்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கினார். மூன்றில் என் தோளைப் பிடித்து ஏறினார், ஏறியதும் அதற்காகவே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டில் மூச்சு வாங்கியது. ஆனால் தானாக ஏறினார்.

காலின் கணக்கு கிடைத்துவிட்டது. பாறையின் கணக்கு பாக்கி. அதே ஷீட்டுகளை இரண்டு சக்கரத் தடத்திலும் இரண்டு இஞ்சுக்குப் பரப்பி, பாறையின் முதுகில் அன்றைக்கு எடுத்த ரப்பர் பாலைப் பூசினேன். எது இடித்தாலும் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். வண்டியை மெல்லக் கடத்திவிட்டு, அடியில் புகுந்து மல்லாந்து பார்த்தேன். சைலன்சர் குழாயில் மட்டும் ஒரு வெள்ளைத் தீற்றல். குழாயைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டினால் தீர்ந்தது. சேலையெல்லாம் செம்மண்ணோடு எழுந்தபோது எனக்கு ஊரையே எதிர்த்து நிற்கலாம் போலிருந்தது.

“ரெண்டு இஞ்சு. அதுக்கு மேல ஒரு நூல் கூடாது,” என்று ஒர்க்‌ஷாப்காரரிடம் சொன்னேன். சைலன்சர் குழாயை மேலே தூக்கிக் கட்டி, புதிய ஸ்பிரிங் பட்டைகளைப் பூட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். அவருக்கு என்மேல் எரிச்சல்தான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாறையை ஒரு சத்தமும் இல்லாமல் கடந்தோம். அண்ணன் தன் கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க நிறுத்து,” என்றார் என் கணவர்.

நிறுத்தினேன். அவராகக் கதவைத் திறந்து இறங்கி, அண்ணனுக்கு எதிரே போய் நின்றார். “அண்ணா, பாறைய நாங்க தொடல்ல. அது அங்கதான் கிடக்கு.” இவர் திரும்பி வந்து கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கினார். கால் வழுக்கியது. என் கை தானாக நீண்டது, மடக்கிக்கொண்டேன். அதற்குள் அண்ணன் பதறி ஓடிவந்து அவர் முதுகைத் தாங்கக் கையை நீட்டினார்.

“கை வைக்கப்பிடாது,” என்றார் என் கணவர், திரும்பிப் பார்க்காமலே.

அண்ணனின் கை அப்படியே நின்றது. இவர் மறுபடி காலைத் தூக்கி, படியில் ஊன்றி, ஏறி உட்கார்ந்து, கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.

“எடு வண்டிய,” என்றார். எடுத்தேன்.