பதினோராவது தட்டில் பக்லாவா

மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பதினோரு சீர்த் தட்டு என்று முடிவானது. பத்தில் வழக்கமான பழம், பூ, வெற்றிலை, லட்டு, மைசூர்பாக். பதினோராவதில் என் பக்லாவா என்று சொன்னேன். அவ்வளவுதான், நாத்தனார் பிடித்துக்கொண்டார்.

"இன்னா அண்ணி இது? துருக்கிக்காரன் பலகாரத்தைச் சீர்ல வெப்பாங்களா? சம்பந்தி வீட்டு முன்னாடி நம்ம மானம் போவப் போவுது, பாத்துக்கினே இருங்க!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேலையை விட்ட பிறகு, மந்தைவெளியில் என் சின்ன அடுப்பங்கரையில் ஒரு வருடம் மல்லுக்கட்டிக் கற்ற பலகாரம் அது. அதுவும் பாகில் ஊறும் பழைய பக்லாவா இல்லை. இப்போது துருக்கியிலேயே புதிதாக வந்திருக்கும் வகை: இனிப்புப் பாலில் ஊறி, பிரிட்ஜில் குளிர்ந்து, மேலே சாக்லேட் துருவலோடு வரும். எத்தனை தடவை கொழகொழவென்று போய்த் தூக்கிப் போட்டிருக்கிறேன்! கடை லட்டை வாங்கி வைத்தால் மானம் போகாதாம், நான் செய்தால் போகுமாம். "வெச்சே தீருவேன்" என்றேன்.

நிச்சயத்துக்கு முந்தைய நாள் மதியம். தி.நகரில் வாங்கி வந்த மாவுத்தாள்களைப் பிரித்துப் பரப்பியிருந்தேன். அப்பளத்தை விட மெல்லிசு. காற்றுப் பட்டால் கொஞ்ச நேரத்தில் காய்ந்து நொறுங்கும். தாளுக்குத் தாள் நெய் தடவ வேண்டும். வெண்ணெயை உருக்கும் வேலையை மட்டும் என் வீட்டுக்காரரிடம் விட்டிருந்தேன்.

சடசடவென்று சத்தம் கேட்டது. திரும்பினால், நுரை அடங்கிய நெய்யில் ஒரு பிடி முருங்கை இலை பொரிந்துகொண்டிருக்கிறது!

"ஏங்க! என்னங்க பண்ணிட்டீங்க?"

"எப்பவும் போடறதுதானே?" என்றார் அவர், கரண்டியும் கையுமாக. எங்கள் வீட்டில் நெய் காய்ச்சினால் கடைசியில் முருங்கை இலை விழும். அடியில் தங்கும் கசண்டில் சூடான சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டால்தான் அவருக்கு நெய் காய்ச்சியதாகவே அர்த்தம். பிஸ்தாவும் சாக்லேட்டும் சேர்கிற பலகாரத்தில் முருங்கை வாசனையா? வாய்க்கு வந்தபடி திட்டினேன். இலையை வடிகட்டிக் கொடுத்தார்.

வேறு வெண்ணெய் இல்லை. தாளின் ஓரங்கள் ஏற்கெனவே சுருள ஆரம்பித்திருந்தன. அழுகையை அடக்கிக்கொண்டு அந்த நெய்யையே தடவினேன். அடுக்கி, பிஸ்தா தூவி, வெட்டி, சுட்டு, ஆறவைத்து, வெதுவெதுப்பான பாலை ஊற்றினேன். ருசி பார்க்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் திருவான்மியூர் மண்டபத்துக்கு ஐஸ் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். தட்டு மாற்றி முடிந்ததும், குளிர்ச்சி போகும் முன் சாப்பிட வேண்டும் என்று சொல்லி மாப்பிள்ளையின் அம்மாவிடம் முதல் துண்டை நீட்டினேன். நாத்தனார் பக்கத்திலேயே நின்றார்.

அந்த அம்மா ஒரு வாய் கடித்தார். மென்றார். நிறுத்தினார்.

"சம்பந்தி, நெய் வீட்ல காய்ச்சினதா?"

போச்சு என்று நினைத்தேன். "ஆமாங்க."

"முருங்கை இலை போட்டீங்களா? எங்க வீட்லயும் அப்படித்தான். இந்த வாசனையோட இப்படி ஒரு ஸ்வீட் நான் சாப்பிட்டதே இல்லைங்க." இன்னொரு துண்டை அவரே எடுத்துக்கொண்டார். பிறகு தன் பக்கத்துச் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, "நம்ம சம்பந்தி கையால செஞ்சது" என்றார். தட்டு காலியாகப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. லட்டை யாரும் சீண்டவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

கூட்டத்தில் என் வீட்டுக்காரரைத் தேடினேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். திட்டியதற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் பக்லாவாவுக்கு நெய் காய்ச்சும்போது இலையை நானே உருவிப் போடுகிறேன். கசண்டுச் சோற்றில் முதல் உருண்டை அவருக்கு.

போன வாரம் நாத்தனார் போன் செய்தார். அவர் மகளுக்கும் நிச்சயம் ஆகப்போகிறது.

"அண்ணி, சீர்த் தட்டுல ஒண்ணு உங்க பக்லாவா. இல்லன்னு சொல்லிடாதீங்க."

"ஒண்ணு போதுமா?" என்று கேட்டேன்.